புதன்கிழமை வந்த வாடை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ரகரமும் றகரமும் எனக்கு எப்போதும் குழப்பம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தப்பைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். இந்த நோட்டை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா இறந்தபோது அவளுக்கு நாலு வயது. முகம்கூட நினைவில்லை என்கிறாள். "அம்மாவப் பத்தி நெனப்புல இருக்கறதெல்லாம் எழுதுங்கப்பா. பேசச் சொன்னாத்தான் பேச மாட்டேங்கறீங்க" என்றாள்.

இதற்கு முன்னால் இருபது பக்கம் எழுதிவிட்டேன். கல்யாணம் ஆன விதம், அவள் வைக்கும் மீன் குழம்பு, அவள் அண்ணனோடு போட்ட சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியை மட்டும், "பதிமூன்று நாள் இருந்தாள், காப்பாற்ற முடியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த வரியைத் திரும்பப் படித்தால் பொய் எழுதியது போல இருக்கிறது. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

அப்போது தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் எனக்கு ஊறல் தொட்டி வேலை. புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிப்பதற்கு முன்னால் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஆள் உயரச் சிமெண்டுத் தொட்டிகள் எட்டு இருந்தன. நெல் கிடக்கக் கிடக்கத் தண்ணீரின் வாடை மாறும். முதலில் ஈர வைக்கோல் மாதிரி இருக்கும், பிறகு புளிக்கும். அது வரைக்கும் யாருக்கும் தெரியும். தண்ணீர் கெட்டுப்போவதற்குச் சற்று முன்னால் மெல்லிசாக ஒரு இனிப்பு வாடை வரும், கனிந்த வாழைப்பழத்தைப் பானைக்குள் போட்டு மூடி வைத்தது போல. அப்போதே மடையைத் திறந்துவிட வேண்டும். தவறினால் அரிசி பழுப்பேறி, சோறாக்கினாலும் நாறும். அந்த இனிப்பு மில்லில் என் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். முதலாளி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் மடை திறக்கும். வாய் திறக்கத் தேவையில்லை. எனக்கு அது தோதாக இருந்தது.

என் மனைவி அதே மில்லில் களத்து வேலை. அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சோற்றுக்கு முன்னால் என்னைக் குளிக்கச் சொல்வாள். சீயக்காய்த்தூளைக் கையில் கொட்டி, "தொட்டி வந்துருச்சு, தொட்டிக்குச் சோறு போடணும்" என்று பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷங்களில்தான் மில்களில் மெஷின் போட ஆரம்பித்தார்கள். கொதி தண்ணீரில் சில மணி நேரத்தில் ஊறிவிடும், தொட்டியும் வேண்டாம், மூக்கும் வேண்டாம். ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூர், குவைத் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பாஸ்போர்ட் வந்திருந்தது. அவளுக்கு நான் போவதில் இஷ்டமில்லை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் கொடுத்த பூப்போட்ட சேலை மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. மெல்லிசான வழுவழுப்புச் சேலை. கசங்காது, துவைத்தால் உடனே காயும். அதைத்தான் அன்றைக்குக் கட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை. பம்ப் ஸ்டவ்வில் உலை வைக்கப் போனாள். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது முந்தானை பூராவும் பற்றியிருந்தது. ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தேன். அணைந்த பிறகு பார்த்தால் சேலையைக் காணோம். அது உருகி அவள் உடம்போடு ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். என்னை வெளியே நிற்க வைத்தார்கள். தீக்காயம் என்று ஒரு பெண் வந்தால் புருஷனைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது சரிதான். கதவு முழுதாகச் சாத்தவில்லை, அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "அவரு கொழாயடியில நின்னாருங்க. அவருக்கு ஒரு கோழியக்கூட வெரட்டத் தெரியாது." அப்படியும் வார்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த விதம் மாறவில்லை. நான் தலையைக் குனிந்தே நடந்தேன்.

தீக்காய அறை தனியாக இருந்தது. கூட இருக்க வேறு பெண் ஆள் இல்லாததால் என்னை விட்டார்கள். பிள்ளை அவள் அண்ணன் வீட்டில் இருந்தது. கையைக் கழுவி, அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கட்டிலுக்கு மேல் கம்பி வளைத்து வலை போட்டிருந்தார்கள். அவளுக்கு முகம் தப்பித்திருந்தது. கழுத்துக்குக் கீழே நெஞ்சு, வயிறு, இரண்டு தொடை, ஒரு கை எல்லாம் கட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டைப் பிரித்துக் கழுவி, வெள்ளைக் களிம்பு தடவித் திரும்பக் கட்டுவார்கள். அந்த நேரம் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே போனாலும் கேட்கும்.

பகல் டியூட்டியில் ஒரு சிஸ்டர் இருந்தார். மாயவரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம். அவரும் வளைகுடாவுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தார். என்னை நேராகப் பார்த்துப் பேசிய ஆள் அங்கே அவர் ஒருவர்தான்.

காலையில் வந்ததும் அவர் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவசரமே இருக்காது. முதலில் அவளிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பார், இன்றைக்கு என்ன கிழமை, பிள்ளை பேர் என்ன என்று. அது சும்மா பேச்சு என்றுதான் நினைத்தேன். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதாம். பிறகு தெர்மாமீட்டர். நாடி பிடித்துக்கொண்டே மூச்சையும் எண்ணுவார். மூத்திரப் பையைத் தூக்கி அளவு பார்ப்பார். வயிறு உப்பியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பார். கட்டின் ஓரத்தை விலக்கி, புண்ணின் விளிம்பில் சிவப்பு பரவுகிறதா, கட்டில் புதிதாகக் கறை ஏறியிருக்கிறதா, என்ன நிறம் என்று பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுவார். கடைசியாகக் குனிந்து முகர்ந்து பார்ப்பார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நானும் அறியாமல் மூக்கைத் தூக்கியிருக்கிறேன். அவர் கவனித்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். தொட்டி வேலையைச் சொன்னேன். கெடப்போகும் தண்ணீர் எப்படி வாடை வரும் என்றார்.

"மொதல்ல இனிக்குங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த வார்டுல வர்ற ஒரு கிருமியும் அப்படித்தான்ண்ணே வரும். மொதல்ல இனிச்ச வாடை, அப்புறம் கட்டுல பச்சையா எறங்கும். இந்த லோஷன்லயே கெடந்து எனக்கு மூக்கு செத்துப்போச்சு. உங்க மூக்க எனக்குக் கடன் குடுங்க."

அதன் பிறகு எனக்கும் பாடம் நடந்தது. தோல் போன உடம்பு கதவு இல்லாத வீடு மாதிரி, எது வேண்டுமானாலும் உள்ளே வரும் என்றார். தீ சுட்டதைவிட அதற்குப் பிறகு வரும் கிருமிதான் ஆளைக் கொல்லும் என்று என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "புதுசா வாடை வந்தா ஒடனே சொல்லணும். காய்ச்சல் ஏறினாலும் சொல்லணும், ஒடம்பு சில்லுனு ஆனாலும் சொல்லணும். பேச்சு மாறினா சொல்லணும். எது சின்னது எது பெருசுனு நீங்க நிறுக்காதீங்க, அத நான் பாத்துக்கறேன்." தலையை ஆட்டினேன். இரண்டு நாள் கழித்து ஞாபகமாகத் திரும்பவும் சொன்னார். திரும்பவும் தலையை ஆட்டினேன்.

அவளும் என் மூக்கைத்தான் நம்பினாள். நான் உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள்.

"என்னாங்க, நாறுறனா?"

"இல்ல."

"நெசமா?"

"இல்லனா இல்ல."

"உங்க மூக்கு சொன்னா சரி" என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் உதட்டோரம் சிரித்து, "இப்ப நான்தான் தொட்டி. நீங்க வந்து வந்து மோந்து பாக்கறீங்க" என்றாள். அந்த நாட்களில் அது பொய் இல்லை. களிம்பு வாடையும் லோஷன் வாடையும் கரிந்த வாடையும் இருந்தன. கெட்ட வாடை இல்லை. ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை கட்டுப் பிரித்தபோது விளிம்பில் புதுத்தோல் ஓடுகிறது என்று சிஸ்டர் வெளியே வந்து சொன்னார். தொடையில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, வியாழக்கிழமை பார்க்கலாம் என்றார். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. கட்டி முடித்துப் படுக்க வைத்த பிறகு, "நாளைக்கு ஒரு நாள் என்னய யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க, ஒரு நாள் போதும்" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. வார்டில் காப்பி கொண்டுவருகிறவர் வந்து போன பிறகு, அவளுக்கு வாய் துடைக்க வலையைத் தூக்கினேன். வாடை வந்தது.

மெல்லிசாகத்தான் இருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கனிந்த வாழைப்பழத்தை மூடி வைத்தது போல, தொடைப் பக்கத்திலிருந்து. சந்தேகம் என்று நான் சொல்லிக்கொள்ள இடமே இல்லை. பதினைந்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் துணி கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் கேட்டாள், நான் இல்லை என்றேன்.

சற்று நேரத்தில் சிஸ்டர் வந்தார். கிழமை கேட்டார், சரியாகச் சொன்னாள். காய்ச்சல் இருந்தது, ஆனால் முந்தின நாள் அளவுதான். கட்டின் ஓரத்தில் கறை இல்லை. அவர் குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு அன்று சளி வேறு. "அண்ணே, நீங்க சொல்லுங்க. வாடை எதுவும் தட்டுதா? இருந்தா இன்னிக்கே பிரிச்சுப் பாத்துடலாம். இல்லனா நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

சிஸ்டர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் அவள். பிரிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கண் பெரிதாயிற்று. கட்டுப் போடாத கையால் என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை. நாறுகிறாய் என்று பெண்டாட்டியை அவள் காதுபடச் சொல்ல என் நாக்கு எழவில்லை. இன்றைக்கும் பிரிக்கட்டும் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"ஒண்ணும் இல்லைங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போனார். வராந்தாவில் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். ஆனால் ஒரு தடவை இல்லை என்றவன் திரும்பப் போய் இருக்கிறது என்றால், முதலில் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்களே. ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி பார்க்கும் இடம் அது. மேஜைப் பக்கம் இரண்டு தடவை போய், தண்ணீர் குடிக்க வந்தவன் போலத் திரும்பிவிட்டேன். நாளைக்குக் காலையில் எப்படியும் பிரிக்கத்தான் போகிறார்கள், ஒரு நாளில் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொட்டியில் ஒரு வேளை தாமதித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான் நான்.

சாயங்காலம் அவள் பூ கேட்டாள். தலையில் வைக்க வேண்டாம், கிட்டே இருந்தால் போதும் என்றாள். அவளுக்கும் இலேசாக வாடை தட்டியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. பூக்கடைத் தெருவுக்குப் போய்க் கதம்பம் ஒரு முழம் வாங்கினேன். எங்கள் ஊர்க் கதம்பத்தில் மற்றப் பூவைவிட மரிக்கொழுந்துதான் முன்னால் மணக்கும். கடைக்காரர் தண்ணீர் தெளித்து இலையில் மடித்துக் கொடுத்தார். அங்கிக்குள் மறைத்துக் கொண்டுபோய், வலைக்கு உட்பக்கம் தலைமாட்டுக் கம்பியில் கட்டினேன். ஈரம் அவள் தலையணையில் சொட்டியது. மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். "கோயிலுக்குப் போன மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த இனிப்பு வாடை மரிக்கொழுந்துக்குள் அமுங்கிப்போயிற்று.

வியாழக்கிழமை விடிந்ததும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். பத்து நாளாக அடுப்பு மாதிரி இருந்த நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்தேன். அவளும் சிரித்தாள், வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். எட்டாம் தொட்டிக்கு மடை திறந்தாச்சா என்று கேட்டாள். களத்தில் நெல் கிடக்கிறது, மழை வருகிறது, சீக்கிரம் குவிக்கணும் என்றாள். கனவு கண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சிஸ்டர் வந்ததும் நானாகவே முந்திக்கொண்டு, "காய்ச்சல் விட்டுருச்சுங்க" என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் நானாக வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது.

சிஸ்டர் கம்பியில் தொங்கிய கதம்பத்தைப் பார்த்து நின்றார். பிறகு பிள்ளை பேர் என்ன என்று அவளிடம் கேட்டார். அவள் தன் அம்மா பேரைச் சொன்னாள். மூத்திரப் பையைத் தூக்கினார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மூச்சை எண்ணினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல் விடலண்ணே. காய்ச்சல் போடக்கூட இந்த ஒடம்புக்குத் தெம்பு இல்ல."

கத்தரியால் கதம்பத்தின் நாரை வெட்டி, காகிதத்தில் சுருட்டி, மூடி போட்ட குப்பை வாளியில் போட்டார். யார் வைத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து, "நான்தான் கேட்டேன் சிஸ்டர், அவரத் திட்டாதீங்க" என்று சத்தம் வந்தது. அது மட்டும் தெளிவாக வந்தது. பூ போனதும் அறை முழுக்க அந்த வாடை. இப்போது யாருக்கும் தெரியும் அளவுக்கு இருந்தது. சிஸ்டர் தொடைக் கட்டை விலக்கினார். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டார். வெள்ளைத் துணியில் பாசி நிறத்தில் இறங்கியிருந்தது.

டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. கையை எடுக்காமலே சிஸ்டர் கேட்டார்: "அண்ணே, வாடை எப்ப வந்துச்சு?"

"இப்பதாங்க. விடிஞ்ச பொறவு."

அவர் தாளில் அதை எழுதினார்.

மருந்தை மாற்றினார்கள், புண்ணைச் சுரண்டிக் கழுவினார்கள். அவளுக்கு வலி தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் இறந்துபோனாள். பதிமூன்றாம் நாள். புதன்கிழமை பிடித்த அங்கியின் ஓரத்தை அதற்குப் பிறகு அவள் பிடிக்கவே இல்லை.

உடம்பை வாங்கக் காத்திருந்தபோது சிஸ்டர் டியூட்டி முடிந்து, பையை மாட்டிக்கொண்டு வந்தார். போகாமல் என் பக்கத்தில் நின்றார். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நீங்க ஒண்ணும் கொற வைக்கலண்ணே. வாடை வந்த ஒடனே சொல்லிட்டீங்க. பூவோட ஈரத்துலயும் அந்தக் கிருமி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, அத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

அவர் கண் கலங்கியிருந்தது. என் தப்பையும் சேர்த்து அவர் தூக்கிக்கொண்டு நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அவருக்கு விசா வந்து வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிள்ளையை மாமன் வீட்டில் விட்டுவிட்டு நானும் குவைத் போனேன். போன இடத்தில் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. அதை நான் கேட்டு வாங்கவில்லை, அப்படி அமைந்தது. அங்கே ஒரு வார்டுக் கதவில் பூங்கொத்துப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும். அந்தக் கதவைத் துடைக்கும்போதெல்லாம் படத்தின் மேல் துணி படாமல் துடைப்பேன். ஒருநாள் அங்கே இருந்த மலையாளத்து நர்ஸ் ஒருவரிடம், யாருக்கோ நடந்தது போல எல்லாவற்றையும் சொல்லி, ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். சில பேர் பிழைப்பார்கள், சில பேர் என்ன செய்தாலும் பிழைக்க மாட்டார்கள், இவள் எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டு, அது உங்கள் மனைவியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வந்து பத்து வருஷம் ஆகிறது. மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. மகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவாள். வரும்போது அவள் வீட்டு வாசலில் ஆசையாக வளர்க்கும் செடியைப் பற்றிப் பேசுவாள். இங்கே ஒரு மரிக்கொழுந்துச் செடி வைக்கலாமே என்று போன தடவை கேட்டாள். ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சொன்னேன். அப்பா அம்மாவை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டார் என்று அவள் மாமன் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். இதைப் படித்த பிறகு அவள் என்னிடம் பேசாமல் இருந்தாலும் இருக்கலாம். அப்படி இருந்தாலும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

சிஸ்டர் எழுதிய தாளில், வாடை வியாழக்கிழமை காலையில் வந்ததாக இருக்கும். அந்தத் தாள் இத்தனை வருஷம் இருக்காது. அந்தச் சிஸ்டர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. அவர் எழுதியது தப்பு, ஆனால் அவர் தப்பு இல்லை. வாடை வந்தது புதன்கிழமை காலை, காப்பிக்காரர் வந்து போன பிறகு. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

எழுதிய நாள்: ஐப்பசி மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.